இடி முழங்குமுன் முடிக்க வேண்டிய கதை

அகஸ்ரின் பொய் சொல்லத் தெரியாத மனிதன். சீட்டு விளையாட்டில் நல்ல கை வந்தால் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று வீட்டுக்கார யோசப் அண்ணை அவனைத் தன் பக்கம் சேர்ப்பதில்லை. அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரேயொரு தரம் முகம் மாறாமல் பொய் சொன்னான். அந்த ஒன்று போதுமாக இருந்தது.

2014ஆம் ஆண்டு பங்குனி மாதம். ரொறொன்ரோ விமான நிலையத்தில் ஒரு சின்ன அறை, மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. மொழிபெயர்ப்பாளர் நேரில் இல்லை, தொலைபேசியில் குரல் மட்டும். "கலியாணம் கட்டினனீங்களோ?" என்று குரல் கேட்டது. "இல்லை" என்றான். "பிள்ளையள் இருக்கோ?" "இல்லை." அதிகாரி இரண்டு கட்டங்களில் அடையாளமிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். முழுக்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த நேரம் யாழ்ப்பாணத்தில், குருநகரில், அவன் மனைவி வேரோனிக்கா ஐந்து மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவன் போய்ச் சேர்ந்த செய்திக்காகக் காத்திருந்தாள். குழந்தையின் பெயர் ஜொவிற்றா.

ஏன் சொன்னான்? சொல்லச் சொன்னவன் காசு வாங்கி ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன். அவன் பிடித்துக் கொடுத்த கடவுச்சீட்டு ஒரு கல்யாணமாகாத ஆளுடையது. "தனியாள் எண்டு சொல்லு, கெதியா விடுவாங்கள். பெண்சாதி பிள்ளை இருக்கெண்டால், அவை இருக்கிற இடத்தில உனக்கு மட்டும் என்ன பிரச்சினை எண்டு குடைஞ்செடுப்பாங்கள்" என்று படித்துப் படித்துச் சொல்லியனுப்பியிருந்தான். அந்த மகராசன் இப்போது எந்த ஊரில் என்ன பெயரில் சுகமாக இருக்கிறானோ தெரியாது. அவனைப் பற்றிப் பேசினால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது, விட்டுவிடுவோம்.

பிறகாவது திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். முதல் கடதாசியில் 'பிள்ளைகள் இல்லை' என்று இருந்ததால் இரண்டாவதிலும் அப்படியே எழுதவேண்டி வந்தது. "ஒரு சொல்லை மாத்தினியோ, கேஸ் முழுக்க விழுந்திடும்" என்று ஸ்காபரோவில் சந்தித்தவர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். மாற்றாமலே கேஸ் விழுந்தது. அகதிக் கோரிக்கை தள்ளுபடியான பிறகு மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பித்தார்கள். 'ஊரில் இவருக்கென்று ஒருவரும் இல்லை, இவருடைய வாழ்க்கை முழுவதும் இங்கேதான்' என்று வழக்கறிஞர் எழுதினார். கீழே அகஸ்ரின் கையெழுத்துப் போட்டான். நான்கு வருடம் கழித்து வதிவிட உரிமை வந்தது. அன்றைக்கே மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட என்ன செய்யவேண்டும் என்று விசாரிக்கப் போனான். வரும்போது சொல்லாத மனைவி பிள்ளையைப் பிறகு குடும்பமென்று கூப்பிட இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்று அங்கே சொன்னார்கள்.

திரும்பிப் போய்விடலாமே என்றும் கேட்பீர்கள். சண்டை முடிந்த பிறகு படையினர் அவனை இரண்டு தரம் விசாரணைக்கென்று கூட்டிப் போனார்கள். இரண்டாம் தரம் போய் வந்த நாளிலிருந்து இடது காது சரியாகக் கேட்பதில்லை. இன்றைக்கும் இடைக்கிடை ஆட்கள் வீட்டுக்கு வந்து, "அகஸ்ரின் எங்க?" என்று வேரோனிக்காவிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கே போவது?

ஒரே ஒரு தரம், 2019இல், இந்தியாவுக்குப் போய் வேளாங்கண்ணியில் இருபது நாள் மூவரும் ஒன்றாக இருந்தார்கள். ஜொவிற்றாவுக்கு அப்போது ஐந்து வயது. முதல் நாள் தாயின் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவன் நெஞ்சில் படுத்து நித்திரை கொண்டாள். இருபதாம் நாள் திருச்சி விமான நிலையத்தில் அவள் அழவில்லை, கை காட்டினாள். அழுதது அகஸ்ரின்தான்.

அவனுக்கு வேலை மோர்னிங்சைட்டில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில், கெயர்ரேக்கர். காலையில் கதவுகளைத் திறப்பது, வாசலில் பனி வழித்து உப்புப் போடுவது, சாப்பாட்டு மண்டபத்தில் சிந்தியதைத் துடைப்பது. ஐந்நூறு பிள்ளைகள் தினமும் அவனைத் தாண்டி ஓடும். குருநகரில் தன்னுடைய பிள்ளை இப்போது எந்த உயரம் இருப்பாள் என்று அவன் அந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் மட்டுக்கட்டினான். நாலாம் வகுப்பு உயரம், பிறகு ஐந்தாம் வகுப்பு உயரம். இரவில் யோசப் அண்ணை வீட்டு பேஸ்மென்ற் அறை. யோசப் அண்ணை குருநகர்க்காரர், தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலக் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்பவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு, அங்கே பொழுது சாயும் நேரத்தில், மகளோடு கதைப்பான். கதைப்பது என்று பெயர்தான். "சாப்பிட்டியோ?" "ஓம்." "பள்ளிக்கூடம் எப்பிடி?" "பரவாயில்லை." "வேற?" "வேற ஒண்டுமில்லை." அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வராது. இருபது நாள் பார்த்த தகப்பனிடம் ஒரு பிள்ளை என்னத்தைத்தான் சொல்லும்?

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், பள்ளி நூலக வாசலில் பழைய புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு, விரும்பியவர்கள் எடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். மேலே கிடந்த புத்தகத்தின் அட்டையில் ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் வானவில்லின் மேல் நடந்துகொண்டிருந்தார்கள். அகஸ்ரின் அதை எடுத்துக்கொண்டான். சாப்பாட்டு இடைவேளைகளில், போனில் சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்து, ஒரு கிழமையில் முதல் அத்தியாயத்தைக் கரை சேர்த்தான். அந்த ஞாயிறு, "வேற?" என்று கேட்கும் இடத்தில், "ஒரு கதை சொல்லட்டோ?" என்று கேட்டான்.

அமெரிக்காவின் வறண்ட பக்கத்தில் வாழும் நவாஹோ என்ற ஆதிக்குடி மக்களின் பழங்கதைகளைக் கொண்டு எழுதிய சிறுவர் கதை அது. இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர். தாய் மட்டும்தான். "எங்கட அப்பா ஆர்?" என்று கேட்டுக் கேட்டு அவளைக் கரைச்சல் படுத்துகிறார்கள். அவள் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் தாங்களே தேடிப் புறப்படுகிறார்கள். வழியில் நிலத்துக்குள்ளிருந்து புகை வருகிறது. குனிந்து பார்த்தால் உள்ளே ஏணி, ஏணிக்குக் கீழே சிலந்திப் பெண்ணின் வீடு. அவள் சொல்கிறாள், உங்கள் தகப்பன் சூரியன், ஆனால் அவன் வீட்டுக்குப் போகும் வழி பொல்லாதது என்று. இருவரையும் காக்க ஓர் இறகைக் கொடுத்து அனுப்புகிறாள்.

அன்றைக்கு ஜொவிற்றா ஐம்பது நிமிடம் போனை வைக்கவில்லை. "சிலந்தி எண்டால் எட்டுக் காலோடயோ, மனிசி மாதிரியோ?" "அவையின்ர அம்மா தேடமாட்டாவோ?" "சூரியனுக்கு வீடு இருந்தால் பகலில ஆர் வீட்டைப் பாக்கிறது?" என்று கேள்வி மேல் கேள்வி. அகஸ்ரின் போனை வைத்துவிட்டு, மேலே போய், ஒரு காரணமும் சொல்லாமல் யோசப் அண்ணைக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அந்த மக்கள் இப்படியான கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்வார்களாம். முதல் உறைபனி விழுந்த பிறகு தொடங்கி, வசந்தத்தில் முதல் இடி முழங்கும்போது நிறுத்திவிடுவார்களாம். இடி கேட்டால் உறங்கிய பாம்புகளும் கரடிகளும் எழும்பிவிடும், அதற்குப் பிறகு சொன்னால் நல்லதில்லை. இதை அகஸ்ரின் ஒரு சுவையான செய்தியாகத்தான் மகளிடம் சொன்னான். அவள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். பங்குனி மாதம் ரொறொன்ரோவில் இடி முழங்கிய செய்தியை அவனே வாய் தவறிச் சொல்லிவிட, அவ்வளவுதான், கதை நின்றது.

"ஒரு அத்தியாயம் மட்டும்" என்று அவன் கெஞ்சினான்.

"ஏலாது அப்பா. பாம்பு எழும்பிட்டுது."

"பாம்பு அமெரிக்காவில மோனை. இஞ்சயிருந்து எவ்வளவு தூரம்."

"அவையின்ர கதையை அவையின்ர மாதிரித்தானே சொல்ல வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அந்தக் கோடைகாலம் மறுபடியும் 'சாப்பிட்டியோ', 'பரவாயில்லை' என்று ஓடியது. ஆனால் ஒன்று மாறியிருந்தது. புரட்டாதி பிறந்ததும், "அங்க குளிர் வந்திட்டுதோ?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்கத் தொடங்கினாள். குருநகர் வெயிலில் வேர்த்துக்கொண்டு ரொறொன்ரோ பனிக்காகக் காத்திருந்த ஒரே பிள்ளை அவளாகத்தான் இருக்கும்.

இதற்கு நடுவில் மனைவியையும் மகளையும் கூப்பிடும் விண்ணப்பமும் ஒன்று போய்க்கொண்டிருந்தது. சட்டத்தில் வழி இல்லாவிட்டாலும் மனிதாபிமானமாகப் பார்க்கும்படி கேட்கலாம் என்று ஒரு புதிய வழக்கறிஞர் சொன்னார். அவருடைய அலுவலகத்தில் வேலை செய்யும் கௌசி என்ற பெண்தான் எல்லாம் எழுதினாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும். "பிள்ளையோட உங்கட றிலேஷன்ஷிப் எவ்வளவு ஸ்ட்ரோங் எண்டு காட்ட வேணும் அங்கிள்" என்றாள். அகஸ்ரின் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னான். கௌசிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை வடிவாக இரண்டு பக்கத்துக்கு எழுதி விண்ணப்பத்தோடு சேர்த்தாள்.

2024 கோடையில் மரபணுச் சோதனை கேட்டார்கள். வேரோனிக்கா மகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்க் கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால் தடவிக் கொடுத்தாள். அகஸ்ரின் இங்கே கொடுத்தான். ஆவணியில் முடிவு வந்தது. அவன்தான் தகப்பன், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது ஒன்பது. தெரிந்த விஷயம்தானே, அதற்கு என்ன கொண்டாட்டம் என்று கேட்கலாம். அவன் அந்தக் கடதாசியைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினான். யோசப் அண்ணை கடையில் சூடாக மட்டன் ரோல்ஸ் வாங்கி வந்தார். பத்து வருடத்துக்கு முன் 'இல்லை' என்று சொன்ன வாயை, யாரோ கழுவிவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

"அப்ப ரெஸ்ற்றில பாஸோ?" என்று ஜொவிற்றா கேட்டாள்.

"பாஸ்."

"கதையில அவையும் அவையின்ர அப்பாவிட்டப் போய்ச் சேரேக்க, நானும் அங்க வந்திடுவன்" என்றாள். சும்மா சொல்லவில்லை. கணக்குப் போட்டுத்தான் சொன்னாள்.

முதல் பனி மார்கழி தொடக்கத்தில் கொட்டியது. கதை திரும்பத் தொடங்கியது. நசுக்கும் பாறைகளைத் தாண்டினார்கள், கத்தியாக வெட்டும் நாணல்களைத் தாண்டினார்கள், கொதிக்கும் மணலைத் தாண்டினார்கள். சூரியன் வீடு தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு சொல்லவேண்டிய அத்தியாயத்தை அகஸ்ரின் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் படித்தான். சூரியன் வீட்டில் இல்லை, வீட்டுக்காரி இருக்கிறாள். பிள்ளைகளை மேகத்தில் சுருட்டி ஒளித்து வைக்கிறாள். சூரியன் வருகிறான். "இந்தப் பிள்ளைகள் யாருடையவை?" என்று அவள் கேட்கிறாள். அதற்குச் சூரியன் சொல்கிறான்: எனக்குப் பிள்ளைகள் இல்லை.

அகஸ்ரின் போனில் அகராதியைத் திறந்தான். மூன்று தரம் அந்த வரியை அகராதியோடு வாசித்தான். மூன்று தரமும் அதுதான் அர்த்தம்.

அவன் அந்த வரியைச் சொல்லாமல் இருக்க என்னென்ன செய்தான் என்று கேட்டால் சிரிப்பு வரும். பிள்ளைகளை வீட்டு வாசலுக்குப் போகவிடாமல் திருப்பிவிட்டான். ஒரு ஞாயிறு இருவரும் பன்னிரண்டு வரிசை வாகனம் பாயும் பெருந்தெருவைக் குறுக்கே கடந்தார்கள். அடுத்த ஞாயிறு உப்புத் தின்னும் ஓர் அரக்கன் வந்தான். அதற்கடுத்த ஞாயிறு பனி வழிக்கும் இயந்திரம் ஒன்று அவர்களைத் துரத்தியது.

"அப்பா, நவாஹோ ஆக்களிட்ட ஸ்னோ வழிக்கிற மெசின் இருந்ததோ?"

"புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு."

"பொய்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

வேரோனிக்காவுக்கு எல்லாம் தெரியும். மகள் குளிக்கப் போன நேரத்தில் போனை வாங்கிப் பேசினாள். "இஞ்சாருங்கோ, நீங்களா அவளுக்குச் சொல்லிப்போடுங்கோ. பதினொரு வயசாச்சு. ஏன் இவ்வளவு வருசம் எடுக்குது எண்டு என்னைப் பிடிச்சு விசாரிக்கிறாள். ஆரும் சொல்லி அறிஞ்சால் அது வேற மாதிரிப் போயிடும்."

"விசா வரட்டும். வந்து என்ர பக்கத்தில இருக்கேக்க ஆறுதலாச் சொல்லுறன். அப்ப அது ஒரு விசயமே இல்லை."

"வராட்டி?"

அகஸ்ரின், அனுப்பிய காசு கிடைத்ததா என்று கேட்டான். வேரோனிக்கா அதை இரண்டாம் தரம் கேட்கவில்லை. பதினொரு வருடமாக அவனை ஒரு சொல் குத்திக் கதைக்காத மனுசி அவள். குத்தியிருந்தால் பரவாயில்லை என்று அவனுக்குச் சில நாள் தோன்றும்.

2025 பங்குனியில், ஒரு வியாழக்கிழமை, கௌசி போன் எடுத்தாள். "அங்கிள், வேலை முடியக் கொஞ்சம் ஒஃபிசுக்கு வாறீங்களோ?" என்றாள். நல்ல செய்தியென்றால் போனிலேயே கத்தியிருப்பாள். அவன் வேலை உடுப்போடு பஸ் ஏறினான். அலுவலகம் ஒரு பிளாசாவில், நகைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் மாடியில் இருந்தது.

கௌசி கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்க்காமலே பேசினாள். "றிஃபியூஸ் பண்ணிட்டாங்கள், அங்கிள்."

"ரெஸ்ற்றில என்ர பிள்ளை எண்டு வந்ததுதானே, மகள்?"

"ஓம். அதைத்தான் எழுதியிருக்கினம். அவ உங்கட சொந்த மகள் எண்டு ப்ரூவ் ஆகிட்டுதாம். அப்ப, வரேக்கயே அவவை நீங்கள் டிக்ளேர் பண்ணியிருக்க வேணுமாம். பண்ணாதபடியால் அவ ஃபமிலி இல்லையாம்."

அகஸ்ரினுக்கு விளங்கவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். அவனுக்கு விளங்கியபோது, விளங்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. அந்தத் தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது ஒன்பதைத்தான் எடுத்து அவன் கழுத்தில் வைத்திருந்தார்கள்.

"உங்கட தங்கச்சியின்ர பிள்ளையா இருந்து, தாய் தகப்பன் இல்லாட்டி, அதுக்கு ஒரு வழி இருக்கு அங்கிள். சொந்தப் பிள்ளைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று கௌசி உதட்டைக் கடித்தாள்.

"மனிதாபிமானம் எண்டு கேட்டோமே."

கௌசி இப்போது அழுதேவிட்டாள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைத் தமிழாக்கிச் சொன்னாள். பிள்ளை தாயோடு நலமாக இருக்கிறது. பள்ளிக்குப் போகிறது. தகப்பன் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கதை சொல்லி நெருக்கமான உறவைப் பேணி வருகிறார். இந்த உறவு இனியும் அவ்வாறே தொடரலாம். ஆகவே பிரிவினால் பெரிய பாதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

"நான்தான் அந்தக் கதையை எழுதினன், அங்கிள். ஐ ஆம் ஸோ ஸொறி. நான்தான் எழுதினன்."

"நீங்கள் நல்லதுக்குத்தானே மகள் எழுதினீங்கள்" என்றான் அகஸ்ரின். எழும்பிப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து அவளுக்குக் கொடுத்தான். மேல்முறையீடு பற்றி அவள் ஏதோ சொன்னாள், இரண்டு மூன்று வருடம் என்றாள், நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றாள். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்து யோசப் அண்ணையிடம் கடிதத்தைக் கொடுத்தான். அவர் கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்தார். ஆங்கிலத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். அன்றிரவே அகஸ்ரின் வேரோனிக்காவுக்கும் சொல்லிவிட்டான். சனிக்கிழமை காலையில் ஜொவிற்றாவின் குரல் செய்தி வந்தது. "அப்பா, உங்கட ரொறொன்ரோ வெதர் பாத்தனான். புதன்கிழமை இடியாம். நாளைக்கு முடிச்சே ஆக வேணும். இனி அந்த மெசின், அரக்கன் ஒண்டும் வேண்டாம். வீட்டுக்குள்ள போங்கோ."

யோசப் அண்ணையும் அதைக் கேட்டார். "தம்பி, அந்த ஒரு பக்கத்தை விட்டிட்டுச் சொல்லு. சூரியன் வந்தார், கட்டிப்பிடிச்சார், முடிஞ்சுது. ஆர் வந்து பாக்கப் போகினம்?"

"அப்பிடித்தான் அண்ணை அண்டைக்கும் சொன்னவங்கள். ஆர் பாக்கப் போகினம் எண்டு."



ஞாயிறு காலை எட்டு மணிக்கு அகஸ்ரின் புத்தகத்தை மடியில் வைத்து, போனை வலது காதில் பிடித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் சொன்னான். பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்றார்கள். வீட்டுக்காரி மேகத்தில் சுருட்டி வைத்தாள். சூரியன் வந்தான். அவள் கேட்டாள். அந்த இடம் வந்தது. விரலை அந்த வரியின் கீழே வைத்துக்கொண்டு சொன்னான். "எனக்குப் பிள்ளையள் இல்லை எண்டு சூரியன் சொன்னார்."

"பொய்தானே?" என்றாள் ஜொவிற்றா.

"பொய்."

"ஏன் சொன்னவர்?"

"பயத்தில. சொல்லாட்டி என்ன நடக்குமோ எண்டு."

"சூரியனுக்கே பயமோ" என்று சொல்லிவிட்டு, "சரி, பேந்து?" என்றாள்.

பிறகு சூரியன் பிள்ளைகளைச் சோதித்தான். கூர் முனைகளில் தூக்கி எறிந்தான், இறகு காப்பாற்றியது. வெந்து போகும் அறைக்குள் அடைத்தான், தப்பினார்கள். நஞ்சு கொடுத்தான், அதற்கும் தப்பினார்கள். கடைசியில் சூரியன் அவர்களைக் கூப்பிட்டு, "நீங்கள் என் பிள்ளைகள்தான்" என்றான். அகஸ்ரின் புத்தகத்தை மூடினான். இரண்டு குளிர்காலம் இழுத்த கதை முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் ஜொவிற்றா கை தட்டுவது கேட்டது.

"அப்ப எங்களுக்கும் ரெஸ்ற் முடிஞ்சுதுதானே. அம்மா ரெண்டு நாளா ஒண்டும் கதைக்கிறா இல்லை. எப்ப அப்பா வாறது?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு சொன்னான். சின்ன அறையைச் சொன்னான், தொலைபேசிக் குரலைச் சொன்னான், இரண்டு 'இல்லை'யையும் சொன்னான். ஏஜென்சிக்காரனைச் சொல்லவில்லை. பழியை இன்னொருவன் தலையில் போட அன்றைக்கு அவனுக்கு மனம் வரவில்லை. கடிதம் வந்ததையும் சொன்னான்.

 இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தான். நிமிடங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"என்ர பேரைக் கேட்டவங்களோ?"

"இல்லை மோனை. பிள்ளையள் இருக்கோ எண்டு மட்டும்தான்."

"அப்ப நான் பிறந்திட்டனோ?"

"ஓம். அஞ்சு மாசம்."

அவள் திட்டுவாள், அழுவாள், போனை வைத்துவிடுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். கதையில் பிள்ளைகள் ஒரு பாறையைத் தாண்ட வழி தெரியாமல் நின்றால், அடுத்தது என்ன செய்யலாம் என்று கேட்பாளே, அந்தக் குரலில்தான் பிறகு கேட்டாள்.

"நான் உங்கட பிள்ளை எண்டபடியாலயோ விடமாட்டினமாம்?"

"ஓம்."

"வேற ஆரின்ரையோ பிள்ளையெண்டால்?"

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "தாய் தகப்பன் இல்லாத சொந்தக்காரப் பிள்ளையெண்டால் ஒரு வழி இருந்திருக்குமாம்" என்றான்.

"அப்ப லேசுதானே அப்பா" என்றாள் ஜொவிற்றா. "இன்னொருக்கா அப்பிடியே சொல்லுங்கோவன், நான் உங்கட பிள்ளை இல்லையெண்டு. நான் கோவிக்கமாட்டன். அம்மாட்டையும் நானே சொல்லிவிடுறன்."